ஆயில் மாற்றும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கேள்வி: அண்ணே, எனக்கு 19 வயது. ஊர் தங்கச்சிமடம். பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடமாக அப்பாவோடு கடலுக்குப் போய்வருகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவது, பம்பைக் கழற்றிப் பூட்டுவது எல்லாம் பழக்கம். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் ஆயில் மாற்றும் பிரிவுக்கு ஆள் கேட்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். "அது துணியை வைத்துத் துடைக்கிற வேலைடா, கடைசிவரை ஹெல்பராகவே கிடப்பாய், அதுக்கு ஐடிஐ படி" என்கிறார் மாமா. நான் கடலை விட்டுப் போவதில் அப்பாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி வருத்தம். போகலாமா? போனால் முதலில் எதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: தம்பி, போ. திங்கட்கிழமையே போ. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

நானும் ஆயில் மாற்றித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். 1997இல் கீழக்கரைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. முதல் எட்டு மாதம் பழைய ஆயிலை இறக்குவது, பில்டர் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது, தரையைக் கூட்டுவது, இவ்வளவுதான். இன்று ராமநாதபுரம் பட்டணம்காத்தானில் நான்கு பையன்களை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். அந்த எட்டு மாதத்தில் கற்றதைத்தான் இன்றைக்கும் அதிகமாகப் பயன்படுத்துகிறேன்.

துணியால் துடைக்கிற வேலை என்று மாமா சொன்னாரே, அது உண்மை. ஆனால் எதற்காகத் துடைக்கிறோம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆயில் கசிகிற இன்ஜின் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். கசிவு எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. வண்டி ஓடும்போது அடிக்கிற காற்றில் ஆயில் பின்பக்கமாகத்தான் பரவும். முன்பக்க சீல் கசிந்தாலும் ஈரம் தெரிவது கியர் பாக்ஸ் பக்கத்தில். அதனால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு மறுபடி கீழே போக வேண்டும். அப்போது கண்ணீர் மாதிரி ஒரு சொட்டு எங்கே திரள்கிறதோ, அதுதான் கசிவின் வாய். துடைக்கத் தெரியாதவன் கசிவு எங்கே என்று தெரியாமல் நல்ல கேஸ்கட்டைக் கழற்றி மாற்றிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காரை அதன் சொந்தக்காரர் அடியிலிருந்து பார்ப்பதே இல்லை. சர்வீஸ் அட்வைசர் பானட்டைத் திறந்து பார்ப்பார். மெக்கானிக்கிடம் வண்டி போனால் எந்தப் புகாருக்கு வந்ததோ அந்த இடத்தைப் பார்ப்பார். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வண்டியின் வயிற்றை முழுசாக, வெளிச்சம் போட்டுப் பார்க்கிற ஒரே ஆள் ஆயில் மாற்றுகிற பையன்தான். அவன் கண்ணில் படாதது அடுத்த சர்வீஸ் வரை யார் கண்ணிலும் படாது. உன் வேலை இதுதான் தம்பி. ஆயில் மாற்றுவது அதற்குள் அடங்கிய ஒரு பகுதி.

படகில் பழகியதால் கை பயமில்லாமல் போகும். நல்ல விஷயம். ஆனால் அங்கே கற்ற சிலதைப் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வர வேண்டும். படகில் ஆயில் தேங்கி நிற்கிற சேம்பருக்கு அடியில் கை நுழையாது. கைப்பம்பு வைத்து ஆயிலை மேலே உறிஞ்சித்தான் எடுத்திருப்பாய். ஆயிலை இறக்கச் சேம்பரின் அடியில் இருக்கிற டிரெயின் போல்ட் பழக்கம் அங்கே உனக்கு வந்திருக்காது. அப்புறம், படகு இன்ஜின் பெரிய இரும்பு. நன்றாக அழுத்தி இறுக்கினாலும் தாங்கும். இன்றைய கார்களில் ஆயில் சேம்பர் பலவற்றில் அலுமினியம். அதே கையை இங்கே காட்டினால் மரை போய்விடும்.

அதனால் டிரெயின் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த வேலையில் அதிகம் பேர் தவறுகிற இடம் இதுதான்.

முதலில் இன்ஜினை நாலைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்து. ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வேகமாக இறங்கும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியானால் உடனே திறக்காதே, கை வெந்துபோகும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் தளர்த்தி வை. போல்ட்டுக்கு ஆறு பட்டை உள்ள சாக்கெட்டையோ, அளவான ரிங் ஸ்பேனரையோ போடு. நம் கடற்கரையில் போல்ட் தலை துருப்பிடித்து இளைத்திருக்கும். பன்னிரண்டு பட்டை சாக்கெட்டைப் போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் தலை மொட்டையாகிவிடும். துரு இருந்தால் ஸ்பிரே அடித்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு வேலை பார். கடைசி இரண்டு மரையைக் கையால் கழற்றும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்று. முழுசாகக் கழன்றதும் சட்டென்று பக்கவாட்டில் விலக்கிக்கொள். ஆயில் உன் முழங்கையில் வழியாது, போல்ட்டும் ட்ரேக்குள் விழாது.

திரும்பப் பூட்டும்போது வாஷர் புதிதாக இருக்க வேண்டும். செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒரு தடவை நசுங்கித்தான் அடைக்கும். நசுங்கியதை மறுபடி போட்டால் சொட்டும், சொட்டுகிறதே என்று மேலும் இறுக்குவாய், மரை போகும். போல்ட்டை முதல் நான்கைந்து சுற்று விரலால் மட்டும் ஏற்று. விரலால் ஏறவில்லை என்றால் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். கழற்றி மறுபடி வை. ஸ்பேனரைத் தொடாதே. கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரென்ச். பல சிறிய கார்களில் கேட்பது 30லிருந்து 40 நியூட்டன் மீட்டர்தான். சரியான அளவை அந்தந்த வண்டியின் சர்வீஸ் அட்டவணையில் பார்த்துக்கொள். 35 நியூட்டன் மீட்டர் என்றால் கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 14 கிலோ எடையைத் தொங்கவிட்ட இறுக்கம். அவ்வளவுதான். படகில் நீ காலை ஊன்றி இழுத்திருப்பாயே, அதில் பாதிகூட இல்லை. முதல் ஒரு மாதம் டார்க் ரென்ச் இல்லாமல் ஒரு போல்ட்டையும் முடிக்காதே. கைக்கு அளவு பழகிவிடும்.

அடுத்தது பில்டர். இதில் நான் பட்டதை அப்படியே சொல்கிறேன். மூன்றாவது மாதம் என்று நினைவு. ராமேஸ்வரம் போகிற யாத்திரை வேன் ஒன்று, அவசரம். பழைய பில்டரைக் கழற்றினேன், புதியதைப் பூட்டினேன், ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். கசிவு இல்லை. அனுப்பிவிட்டேன். உச்சிப்புளி தாண்டவில்லை, ஆயில் விளக்கு எரிந்துவிட்டது. நல்ல டிரைவர். விளக்கைப் பார்த்த கணமே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். முதலாளியும் நானும் ஐந்து லிட்டர் கேனோடு போனோம். வேன் நிற்கிற இடத்துக்கு வெகுதூரம் முன்பே தார் ரோட்டில் கறுப்புக் கோடு தொடங்கிவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே போன நேரம் இன்றும் மனதில் நிற்கிறது. கீழே படுத்து பில்டரைக் கழற்றினால், ரப்பர் வளையம் இரண்டு. பழைய பில்டரின் வளையம் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருக்கிறேன். நின்ற இடத்தில் ஓடும்போது தாங்கியது. ரோட்டில் வேகம் எடுத்து ஆயில் பிரஷர் ஏறியதும் வளையம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. வேனில் இருந்தவர்கள் வயதானவர்கள். வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த டிரைவர் விளக்கைக் கவனிக்காமல் இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் அந்த இன்ஜின் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். பழைய பில்டரைக் கழற்றியதும் திருப்பிப் பிடித்து அதன் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். பிறகு இன்ஜின் முகத்தைத் துணியால் துடைத்து, அங்கேயும் விரலை ஒரு சுற்று ஓட்டுவேன். புதிய வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுத் தடவுவேன். கையால் சுற்றி, வளையம் முகத்தில் முட்டியதும் அங்கிருந்து முக்கால் சுற்று. பில்டர் டப்பாவிலேயே எத்தனை சுற்று என்று போட்டிருக்கும், அதைப் படி. பழைய பில்டர், பழைய வாஷர் இரண்டும் வண்டி கேட்டைத் தாண்டும் வரை என் தட்டில் கிடக்கும். தூக்கி எறிய மாட்டேன். சந்தேகம் வந்தால் தட்டைப் பார்த்தால் போதும். என் பையன்களும் இதையே செய்கிறார்கள். நீயும் செய்.

ஆயில் ஊற்றும்போது ஞாபகத்தை நம்பாதே, அட்டவணையைப் பார். சிறிய கார்கள் மூன்றிலிருந்து நாலரை லிட்டர் வரை எடுக்கும். அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு காட்டுகிற கம்பியான டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து நிரப்பு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே ஒரு லிட்டர் வரும். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் கேட்காதே. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் உள்ளே கிராங்க் தண்டு சுழலும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை இன்ஜினைக் காப்பாற்றாது.

டப்பாவில் போட்டிருக்கிற எண்களையும் முதல் வாரத்திலேயே புரிந்துகொள். 20டபிள்யூ-40 என்றால் டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் ஆயில் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது. பின்னால் உள்ளது சூடான இன்ஜினில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. பெரிய எண் உசத்தி என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊத்துப்பா" என்று கஸ்டமரே கேட்பார். புது கார்கள் பல 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 கேட்கின்றன. அவற்றின் ஆயில் வழிகள் அதற்கென்றே வைத்தவை. கம்பெனி சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகையை வடிகட்டுகிற பில்டர் சைலன்சர் பாதையில் இருக்கும். அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். சாதாரண டீசல் ஆயிலைத் தொடர்ந்து ஊற்றினால் அந்த பில்டர் அடைத்துக்கொள்ளும், செலவு பெரிதாக வரும்.

பைக் கையில் வந்தால் கார் ஆயிலை ஊற்றிவிடாதே. கியர் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில்தான் நனைந்துகொண்டிருக்கும். அதற்கு டப்பாவில் ஜப்பான் தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு எம்பி. மாற்றி ஊற்றினால் பைக்கின் கிளட்ச் வழுக்கும். பாம்பன் பாலத்தில் எதிர்க்காற்றில் ஏறும்போதுதான் அந்த ஆளுக்கு அது தெரியும். பிரேக் ஆயில் விஷயமும் இப்படித்தான். டாட் 3, டாட் 4 எல்லாம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறியது சீக்கிரம் கொதிக்கும், பிரேக் மிதி உள்ளே போகும். நம் ஊர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். திறந்து வைத்த டப்பாவை அடுத்த மாதம் எடுத்து ஊற்றாதே. இன்ஜின் ஆயில் பட்ட புனலைப் பிரேக் ஆயிலுக்குப் போடவே கூடாது. கொஞ்சம் கலந்தாலும் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

சரி, இனி நம் கடற்கரைக்கு வருகிறேன். இதைத்தான் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ வேலை கற்றவர்கள் வந்த புதிதில் கவனிக்கத் தவறுவார்கள். நீ தவறமாட்டாய், உப்பு உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மீன் ஏற்றுகிற வண்டிகளைப் பார். ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு சேர்ந்து பாடியின் ஓட்டை வழியாக சேஸிஸ் மேல் நாள் முழுக்கச் சொட்டும். பின் பிளேட் செட்டும் (ஸ்பிரிங் பட்டைகள்), பின்பக்கம் போகிற பிரேக் பைப்பும்தான் முதலில் அரிக்கும். பிரேக் பைப்பில் பெயின்ட் கொப்புளித்திருந்தால் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார். பொருபொருவென்று உதிர்ந்தால் அந்த இடத்தை போனில் படம் எடுத்து சூப்பர்வைசரிடம் காட்டு, ஜாப் கார்டில் எழுதச் சொல். இந்த ஒரு பார்வை ஒரு குடும்பத்தையே காப்பாற்றும். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய் வந்த வெளியூர் கார்களில் மணல் எங்கே எல்லாம் ஏறியிருக்கும் என்று பழகிக்கொள். அண்டர் கவருக்குள்ளே, பிரேக் காலிப்பர் பின்னில், ஏர் பில்டர் பெட்டியின் அடியில். ஏர் பில்டரை எடுக்கும்போது பெட்டிக்குள் மணல் சரிந்து இன்ஜின் பக்கம் போகாமல் பார்த்து எடு. கடல் தண்ணீர் பட்ட வண்டியானால் ஆயில் வேலைக்கு முன்பே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்.

கிரீஸ் அடிக்கும்போது, கிரீஸ் உள்ளே போகிற வாயான நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைக்கிறவர்கள் நிறைய. நிப்பிள் மேல் ஒட்டியிருக்கிற மணலை அப்படியே உள்ளே தள்ளுகிறோம் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. துடை, பிறகு வை, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதியது நிறம் காட்டுகிற வரை அடி. பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுக் கழுவி, இறுக்கி, மேலே வாசலின் தடவிவிடு. இரண்டு நிமிட வேலை. கஸ்டமர் உன் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்.

இறக்குகிற ஆயிலையும் படிக்கக் கற்றுக்கொள். டீசல் ஆயில் கறுப்பாக வருவது இயல்பு, பயப்படாதே. பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே சொல்ல வேண்டும், புது ஆயிலை ஊற்றிவிட்டுச் சொல்லக் கூடாது. ட்ரேயில் வெயில் படும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசம் தூக்கலாக வந்தால் அதுவும் சொல்ல வேண்டிய சேதிதான். காரணத்தை நீ கண்டுபிடிக்க வேண்டாம். பார்த்ததைச் சொன்னால் போதும்.

உன் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையைக்கூட நுழைக்காதே. ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை, இரண்டும் போட்ட பிறகுதான். "ஒரு நிமிஷ வேலைதான்" என்று யார் அவசரப்படுத்தினாலும், முதலாளியே சொன்னாலும், முடியாது என்று சொல். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. ஓடிய ஆயில் தோலுக்குக் கெடுதல். வருடக்கணக்கில் ஊறினால் தோல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். நைட்ரைல் கையுறை கொடுக்கச் சொல். கொடுக்காவிட்டால் உன் காசிலாவது வாங்கு. எங்கள் காலத்தில் டீசலில் கை கழுவினோம். என் விரலிடுக்கு எல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்ட நாட்கள் உண்டு. நீ அப்படிச் செய்யாதே. தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு சோப்பு போடு. ஆயில் துணியை பேன்ட் பையில் செருகி வைக்கிற பழக்கமும் வேண்டாம். தொடையில் நாள் முழுக்க ஊறும்.

ஓடிய ஆயில் எங்கே போகிறது என்று கேள். இதை நீ கேட்பாய் என்றே நம்புகிறேன், கடலில் பிழைக்கிற வீட்டுப் பிள்ளை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் நமக்கு எதிரேதான் இருக்கின்றன. பவளமும் கடல் தாழை என்கிற கடல் புல்லும் அங்கே இருப்பதால்தான் கரையில் வலை நிறைகிறது. பட்டறை வாய்க்காலில் ஊற்றிய ஆயில் மழைக்காலத்தில் ஓடையில் இறங்கி எங்கே போய்ச் சேரும் என்று உனக்கு யாரும் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. 2016ஆம் வருட அபாயகரக் கழிவு விதிகளின்படி ஓடிய ஆயிலை அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்புக்காரர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். பீப்பாயில் மூடி வைத்து, கணக்கு எழுதி. சென்ட்ரிங் பலகைக்குத் தடவ, படகுப் பலகைக்குப் பூச, கரையானுக்கு ஊற்ற என்று கேன் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தெரிந்தவர்கள்தான், மறுப்பது சங்கடம்தான். நான் மறுக்கிறேன். தரையில் சிந்தியதற்கு மரத்தூளைப் போட்டு அள்ளு. தண்ணீர் அடித்து வெளியே தள்ளாதே.

இப்போது ஐடிஐ. மாமா சொல்வதை ஒதுக்காதே. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1000 கேட்டுப் பார். சான்றிதழ் இல்லாமல் பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரு படிக்கு மேலே ஏறுவது கஷ்டம். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் யோசனை இது. இப்போது வேலையில் சேர். அடுத்த சேர்க்கை வரும் வரை ஒரு பட்டறையின் உள்ளே வாழ்ந்து பார். இந்தத் தொழில் உனக்குப் பிடிக்கிறதா, முதுகு தாங்குகிறதா என்று தெரிந்துவிடும். பிடித்தால் ஐடிஐக்கு மனுப் போடு. ஆயில் பிரிவில் இருந்துவிட்டு வகுப்புக்குப் போகிறவனுக்குப் பாடம் வேறு மாதிரி புரியும், லூப்ரிகேஷன் படத்தைப் பார்த்ததும் கையில் ஆயில் வாசம் வரும். படித்து முடித்து அப்ரன்டிஸாக அதே சென்டருக்கே திரும்பி வரலாம்.

சேருகிற அன்றே சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பு உண்டா, எத்தனை மாதத்தில் அடுத்த வேலைக்கு மாற்றுவார்கள் என்று கேட்டுவிடு. கூச்சப்படாதே. ஒரு வருடம் கழித்தும் பிரேக் வேலை, சஸ்பென்ஷன் வேலை எதையும் தொடவிடாமல் ஆயிலிலேயே நிறுத்தி வைத்தால், அந்த இடத்தை மாற்று. மாமா பயப்படுவது அந்த மாதிரி இடத்தைத்தான்.

அப்புறம் தவறு. செய்வாய். எல்லோரும் செய்திருக்கிறோம். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் "அண்ணே, அந்த போல்ட்டை முடித்தேனா என்று சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்லிவிடு. திட்டு விழும். வண்டியை மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடம் போகும். சொல்லாமல் விட்டால் உச்சிப்புளி ரோட்டில் நான் பார்த்த அந்தக் கறுப்புக் கோடுதான். என் பட்டறையில் சந்தேகம் என்று வந்து நின்ற பையனை நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். வருகிற தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி 61 நாள். படகு கரையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அப்பாவோடு இன்ஜின் வேலை பார். அதற்குள் டார்க் ரென்ச் பிடிக்கிற கையும், ஆயிலைப் படிக்கிற கண்ணும் உனக்கு வந்திருக்கும். இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டு அவரிடம் காட்டு, என்ன தெரிகிறது என்று நீயே சொல். அவருக்கு இருக்கிற பாதி வருத்தம் அங்கே கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பு, பாலத்தில் வண்டிகள் தேங்கினாலும் நேரத்துக்குப் போய்விடலாம். மோதிரம், கைச்செயின், கயிறு எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போ. செருப்பு வேண்டாம், ஷூ. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அன்று நீ தொட்ட ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை லிட்டர், என்ன எண் ஆயில், போல்ட் இறுக்கம் எவ்வளவு, அடியில் என்ன பார்த்தாய் என்று ஒரு வரி எழுது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு பட்டணம்காத்தான் பக்கம் வந்தால் எனக்குக் காட்டு. நானும் பார்க்க வேண்டும்.